தசைத் துடிப்பும் உயிரும்
மின்சாரம் பாய்ந்தால், செத்த உடலின் தசையும் சிறிது நேரத்துக்குத் துடிக்கும். 1791இல் இத்தாலிய மருத்துவர் கல்வானி தவளைக்காலை வைத்து எழுதியதை, 1803இல் அவர் சகோதரியின் மகன் அல்தினி லண்டனில் தூக்கிலிடப்பட்டவரின் உடலில் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, உயிர் வரவில்லை. தசையை மின்சாரத்தால் தூண்டும் இன்றைய பிசியோதெரபி கருவியின் வேலையும் அந்தத் துடிப்புத்தான்.

ஆயுள், சூடு, விஞ்ஞானம் (உணர்வு) மூன்றும் நீங்குவதே மரணம் என்கிறது பௌத்தம். சைவ சித்தாந்தத்துக்கோ உடல் சடம். அல்தினியால் இரண்டுமே அசையவில்லை. உண்மையான சிக்கல் 1947இல் வந்தது: அறுவை மருத்துவர் கிளாட் பெக் ஒரு சிறுவனின் இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்டார். மரணம் கணமா, சில நிமிட நிகழ்வா?

இலங்கை இறையியல் கல்லூரி இருக்கும் பிலிமத்தலாவையில் இக்கேள்வி வெறும் பாடமன்று. 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். பேராதனை போதனா வைத்தியசாலையும் அருகிலேயே. இதயத் துடிப்பு நின்றவரை அங்கே உடனே பிணமென்று கொள்வதில்லை.