பெடியன் முன்னுக்கு வருவானோ?

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலுள்ள ஏதாவதொரு கிராமத்துப் பாடசாலை மைதானத்தின் ஓரமாக மாலை வேளையில் சற்று நின்று பாருங்கள். ரெனிஸ் பந்தை வேலிக்கு மேலால் தூக்கியடிக்கும் பையன் ஒருவன் அங்கே இருப்பான். சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அவனுடைய தகப்பனாரும் நிற்பார். ஆட்டம் முடிந்ததும் விளையாட்டு ஆசிரியரை மெல்ல அணுகி, “சேர், பெடியன் முன்னுக்கு வருவானோ?” என்று கேட்பார்.

இதற்கு என்ன பதில் சொல்வது நேர்மை? “கட்டாயம் வருவான், யோசிக்காதையுங்கோ” என்பார் ஒருவர். “விளையாட்டுச் சோறு போடுமோ? புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கோ” என்பார் மற்றவர். முன்னவர் தம்மிடம் இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுகிறார். பின்னவர் வழக்கைக் கேளாமலே தீர்ப்பு வழங்குகிறார். இருவருமே பையனைப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

அடிப்பவனின் திறமை சீக்கிரத்தில் தெரிவதன்று. எங்கள் பாடசாலைகளில் ஆடப்படும் எல்லே விளையாட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க பேஸ்போல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலே 30 பெருங்கழகங்கள், ஒவ்வொன்றிலும் 26 இடங்கள். அவற்றின் கீழே 120 சிறு கழகங்களில் இளைஞர்கள் படிப்படியாகப் பயில்கிறார்கள். பத்துத் தடவையில் மூன்று தடவை சரியாக அடிப்பவன் அங்கே சிறந்த ஆட்டக்காரன். கூடைப்பந்தாட்டத்தில் உலகையே ஆண்ட மைக்கல் ஜோர்டான், 1994இல் தமது 31ஆவது வயதில் அச்சிறு கழகங்களில் ஒன்றுக்கு 127 ஆட்டங்கள் ஆடினார். நூற்றுக்கு இருபது என்ற அளவைச் சற்றே தாண்டினார், அவ்வளவுதான். 2008இல் உத்தரப் பிரதேசத்தின் ஈட்டியெறி வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் ஒரு போட்டியிலே தெரிந்தெடுத்து அங்கே கொண்டு சென்றனர். தேடப்பட்டது வீசும் கை மாத்திரமே. அடிப்பவனை அந்தப் போட்டியிலே தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். (அவ்விருவரும் பெருங்கழக ஆட்டத்தை எட்டவில்லை.)

ஆகவே அங்குள்ள அனுபவசாலிகள் ஒரு பையனை மதிப்பிடும்போது எத்தனை பந்தை அடித்தான் என்பதோடு நிற்பதில்லை. எந்தப் பந்தை அடியாமல் விட்டான், எத்தனை வயதில் யாருக்கு எதிராக ஆடுகிறான் என்றெல்லாம் பார்க்கிறார்கள். தன்னிலும் மூத்தவர்களோடு ஆடித் தடுமாறும் பையன், சமவயதினரை விளாசித் தள்ளுபவனிலும் மேலானவனாக இருக்கலாம்.

இனி வன்னிக்குத் திரும்புவோம். பந்து வீசுபவன் ஒரு பந்தோடும் ஒரு சுவரோடும் தனியே ஓரளவு பழகலாம். துடுப்பாட்டக்காரனுக்கோ மற்றவர்கள் வேண்டும். அவனுக்கு வீச ஆள் வேண்டும், கடினப் பந்து வேண்டும், காலுறையும் கையுறையும் வேண்டும். மென்பந்திலே ஆறு ஆறாக அடிப்பவனைப் புற்றரை ஆடுகளத்தில் கடினப் பந்தின் முன் நிறுத்தினால், அவன் புதிதாக அரிச்சுவடி தொடங்கவேண்டியவனாகிறான். வடக்கிலிருந்து மேலே போனவர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024 மே மாதத்தில் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியிலும் ஆடினார். அவர் சுழற்பந்து வீச்சாளர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கே இந்நிலை என்றால் ஒட்டுசுட்டானுக்கு எப்படி?

இன்று பதினைந்து பதினாறு வயதில் மட்டை பிடிக்கும் வன்னிப் பிள்ளைகள் 2009ஆம் ஆண்டை ஒட்டியோ அதன் பின்னரோ பிறந்தவர்கள். அவர்களுடைய தகப்பன்மாருக்கு இளமையில் மைதானம் இருக்கவில்லை. பலருக்கு வீடே இருக்கவில்லை. தமக்குக் கிட்டாததை மகன் பெறவேண்டுமென்று அவர்கள் ஆசைப்படுவதை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அந்த ஆசை பையனின் தோளில் ஏறி உட்காரும்போது அவன் ஆட்டமிழப்பது வீட்டுக்கே அவமானமாகிவிடுகிறது. பத்தில் ஏழு தடவை தவறுவது இயல்பாயுள்ள தொழிலில், தவறப் பயப்படும் பிள்ளை எதைக் கற்கும்?

இன்னொன்றும் உண்டு. மேலே போகாதவர்களின் கதி என்ன? அமெரிக்கச் சிறு கழகங்களின் உச்சப் படியிலுள்ள வீரனுக்குக்கூட அண்மைக்காலம்வரை ஆண்டுக்கு 17,500 டொலரே ஆகக்குறைந்த சம்பளம். 2023இல் வீரர்கள் சங்கமாகச் சேர்ந்து செய்த முதலாவது ஒப்பந்தமே அதை 35,800 ஆக்கியது. அத்தனை காலமும் ‘எதிர்காலம்’ என்ற சொல்லைக் காட்டியே நிகழ்காலக் கூலியைக் குறைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பணம் இல்லை. ஆனாலும் பாடசாலைக்குக் கிண்ணம் வாங்கித் தரும்வரை பையனைக் கொண்டாடிவிட்டு, சாதாரண தரப் பரீட்சையில் தவறியதும் அவனை மறந்துவிடுவதும் அதே கணக்குத்தான். தாலந்து உவமையிலே ஐந்தை ஈட்டியவனும் இரண்டை ஈட்டியவனும் ஒரே பாராட்டைத்தான் பெறுகிறார்கள். நாமோ இரண்டை எண்ணவே விரும்புவதில்லை.

அப்படியானால் அந்த ஆசிரியர் தகப்பனாருக்கு என்ன சொல்லலாம்? கண்டதைச் சொல்லலாம். “பந்தை நல்லாப் பாக்கிறான். வெளியால போற பந்தைத் துரத்துறதை விடவேணும். மென்பந்திலை இதுக்கு மேலை எனக்குத் தெரியாது. ரண்டு வருசம் கடினப் பந்திலை ஆடட்டும், படிப்பையும் விடாமல். பிறகு கதைப்பம்.” தகப்பனார் சற்று நேரம் பேசாமல் நிற்பார். பிறகு, “கடினப் பந்து என்ன விலை, சேர்?” என்று கேட்பார். அந்த விலையை அவர் ஒருவரே கொடுக்க விட்டுவிடுவதா என்பது, பழைய மாணவர்களும் ஊர்க் கழகத்தவரும் இருந்து பேசவேண்டிய விஷயம்.