சபரி காத்த இடம்

தலை நரைத்து, தோல் சுருங்கி, பேரக் குழந்தையின் முகத்தையும் கண்டுவிட்ட கிருகஸ்தன் வனத்துக்குப் புறப்படலாம் என்று மனு தர்ம சாஸ்திரம் கூறுகிறது. மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லலாம். அவளையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்று இரு வழிகளை அது காட்டுகிறது. இன்று நமக்கு வனம் இல்லை, ஓய்வூதியம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர், உடலில் தெம்பு எஞ்சியிருக்கும் ஆண்டுகளை யாருக்காக வாழ்வது?

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் மாலை வேளையில் நடப்பவர் இக்கேள்வியைத் திண்ணைதோறும் காணலாம். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருவர் மட்டும். நித்திய பூஜை, தொலைக்காட்சி, பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பு என்று பொழுது கழிகிறது. நவம்பரில் தேர்த் திருவிழா வந்தால் வீடு நிறைகிறது. தேர் நிலைக்கு வந்தபின் மீண்டும் இருவர். இதில் பாவம் ஒன்றுமில்லை. ஆயினும் இதை வானப்பிரஸ்தம் என்று சொல்ல மனம் துணியவில்லை.

தம்பதியராகவே ஓய்வுக் காலத்தைத் தொண்டுக்குத் தரும் வழக்கத்தை அமெரிக்காவில் மார்மன் சபையார் முறைப்படுத்தியிருக்கிறார்கள். அவர்களுடைய கொள்கைகள் நமக்கு உடன்பாடாக இருக்க வேண்டியதில்லை. இந்த வழக்கம் கவனிக்கத்தக்கது. 1856-ஆம் ஆண்டு, ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சபையின் ஏழை மக்கள், மாட்டு வண்டி வாங்க வசதியின்றி, கைவண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு மேற்கு நோக்கி நடந்தனர். காலம் தாழ்ந்து புறப்பட்ட இரு குழுக்கள் வயோமிங் பகுதியில் முன்கூட்டியே பெய்த பனியில் சிக்கின. 200 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் ஒரு குழுவினர் ஒதுங்கிய மார்ட்டின்ஸ் கோவ் என்னும் மலை இடுக்கு இன்று ஒரு நினைவிடமாக உள்ளது.

இத்தகைய இடங்களில் வழிகாட்டுபவர்களுள் பலர் முதிய தம்பதியர். தம் சொந்தச் செலவில், சில மாதங்கள் முதல் இரண்டாண்டு வரை வந்து தங்குகிறார்கள். காலையில் இருவரும் சேர்ந்து பிரார்த்தனை, மறைநூல் வாசிப்பு. பின்னர் பெருக்குதல், புல் வெட்டுதல், வருவோருக்கு அந்தக் குளிரின் கதையைச் சொல்லுதல். நேற்றுச் சொன்ன அதே கதைதான். கேட்பவர் மட்டும் புதியவர்.

அச்சபையில் இளைஞர்களும் தொண்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பதினெட்டு வயதுப் பையனையும் 'எல்டர்', அதாவது மூத்தவர் என்றே அழைக்கிறார்கள். எழுபது வயது முதியவருக்கும் அதே விளிதான். வாழ்நாளெல்லாம் பெரிய பதவியில் இருந்தவராயினும் அங்கே அவருக்கு வேறு பட்டமில்லை. பெருக்குவது எவர்க்கும் கடினமன்று. எங்கே பெருக்க வேண்டும் என்று தன் பேரன் வயதுடைய ஒருவன் சொல்லக் கேட்டு நடப்பதே கடினம். நம் அமைப்புகளில் தொண்டு செய்ய வரும் ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிலர், நாற்காலியை மட்டும் மாற்றிக்கொண்டு அதிகாரத்தை உடன் எடுத்து வந்துவிடுவதை அன்பர்கள் கண்டிருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. கணவர் ஓய்வு பெற்றுவிட்டார்; மனைவி எப்போது ஓய்வு பெற்றார்? அவர் சொற்பொழிவு கேட்கச் செல்லும்போது அடுப்படியில் நிற்பவர் யார்? யாக்ஞவல்கியர் புறப்படும்போது தம் உடைமைகளைப் பகிர்ந்து தர முன்வந்தார். மைத்ரேயி அவற்றை ஒதுக்கி, அழியாமைக்கு வழி எதுவென்று கேட்டாள். பிற்கால வானப்பிரஸ்தம் பற்றிப் பேசுவோர் இக்கேள்வியை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் சமமாக ஒரு பணியை ஏற்காதவரை, இடம் மாறியது இல்லறமே.

அத்தகைய சமமான பணிக்கு நரைக்காகக் காத்திராத ஒரு தம்பதியர் பாலக்காட்டில் இருந்தனர். அக்கிரகாரச் சமூகத்தில் பிறந்த டி.ஆர். கிருஷ்ணசாமி ஐயரும் அவருடைய மனைவி ஈசுவரி அம்மாளும் 1923-இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை அமைத்தனர். எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பது அங்கே விதி. அதற்கு அடுத்த ஆண்டுதான், ஈழவ மக்கள் கல்பாத்தித் தெருவில் நடக்கலாமா என்ற வழக்கு தேர்த் திருவிழாவின்போது மோதலாக வெடித்தது. அப்படிப்பட்ட சூழலில் ஒரு பந்தி நடத்துவதன் விலை என்ன என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சாதி விலக்கு என்பது ஆணைவிட அவ்வீட்டுப் பெண்ணைத்தான் அன்றாடம் தைக்கும். கோயில், கிணறு, சீமந்தம், சாவு வீடு என்று அவள் காலடி வைக்கும் இடமெல்லாம் அது நிற்கும். காந்தியடிகள் 1925, 1927, 1934 என மூன்று முறை அந்த ஆசிரமத்துக்கு வந்தார். நூறாண்டு கடந்தும் அது அங்கே இருக்கிறது.

அவர்கள் அதற்குச் சபரியின் பெயரைத் தேர்ந்தது ஆழ்ந்து எண்ணத்தக்கது. சபரி என்றதும் கடித்துப் பார்த்த கனி நினைவுக்கு வரும். வால்மீகியில் அந்தக் கனிக் கதை இல்லை. அங்கே உள்ளது வேறு. மதங்க முனிவரின் சீடர்கள் மேலுலகம் சென்றபின், அவர்கள் வாழ்ந்த ஆசிரமத்தை ஒரு கிழவி தனியாகக் காக்கிறாள். வேள்வி மேடையும், வாடாத மலர்களும், இன்னும் உலராத மரவுரிகளும் அவள் பொறுப்பில் இருக்கின்றன.

இங்கே ஒரு தடை எழுகிறது. துறப்பதற்கு ஏதாவது இருப்பவர்களுக்கே இந்தப் பேச்சு பொருந்தும். இதே கேரளத்தில், இடுக்கி மலையின் தேயிலைத் தோட்டங்களில், தென் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் வழியினர் லயங்களில் வாழ்கிறார்கள். வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் வேறு எவரும் தோட்ட வேலையில் இல்லையென்றால், ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது புதையுண்டவை இத்தகைய லயங்களே. 70 பேர் பலியாயினர். ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த தம்பதியர் முதுமையில் வீடு இழப்பதை வானப்பிரஸ்தம் என்று கூறினால் அது கொடுமை. கட்டாயத்தால் இழப்பது துறவாகாது. ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவர்கள் துறவின் பெருமையைப் பேசும்போது, அந்த லயத்தின் வாசலில் நின்று அதைச் சொல்ல முடியுமா என்று தம்மைக் கேட்டுக்கொள்வது நலம்.

கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தில் ஓய்வு பெற்றோரை வானப்பிரஸ்திகளாக ஏற்று, ஊர் ஊராகப் பணிக்கு அனுப்புகிறார்கள். தமிழ் படித்த அத்தகைய இருவர் மூணாற்றில் ஓர் ஆண்டு தங்கினால், வைப்பு நிதிப் படிவத்தை நிரப்பவும், பணிக்கொடைக்காக அலையும் முதியவருடன் அலுவலகம் வரை செல்லவும் ஆளிருக்கும். பெருக்குவதைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். நன்றிக்குக் காத்திருக்க நேரமும் இராது.

சபரிக்கும் துறக்க வீடோ செல்வமோ இருந்ததாகக் கவி சொல்லவில்லை. மரபு அவளை வேடர் குலத்தவள் என்கிறது. அவளிடம் இருந்தது பிறர் விட்டுச் சென்ற ஓர் இடம் மட்டுமே. அயோத்தியின் இளவரசன் வந்தபோது, உன் குருமார்களின் மகிமையைக் கேள்வியுற்றேன், நீ இசைந்தால் அதை நேரில் காண விரும்புகிறேன் என்றான். அவள் அவனை முன்னே அழைத்துச் சென்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.