தொலைவு காணப்படுவதா, கருதப்படுவதா?

தொலைவு கண்ணால் நேரே காணப்படுவதா, அல்லது கண்டவற்றைக் கொண்டு கருதி அறியப்படுவதா என்பது மெய்யியலில் நெடுங்காலமாக நின்று வரும் வினா. பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், பார்வையற்ற ஒருவர் இரு கைகளிலும் பிடித்த கோல்களின் சாய்வைக் கொண்டே அவற்றின் நுனிகள் சந்திக்கும் இடத்தை உணர்வதுபோல, இரு கண்களின் பார்வைக் கோடுகள் அமைக்கும் கோணத்தால் மனம் தொலைவை அறிகிறது என்றும், அது இயற்கையில் அமைந்த வடிவக்கணிதம் என்றும் விளக்கினார். அயர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பார்க்லி 1709-இல் இதனை மறுத்து, பார்ப்பவர் எவரும் அத்தகைய கோணத்தை உணர்வதுமில்லை, கணக்கிடுவதுமில்லை என்றும், தொட்டும் நடந்தும் பெற்ற பழக்கமே கண்ணுக்குத் தெரியும் குறிகளைத் தொலைவோடு இணைக்கிறது என்றும் வாதிட்டார்.

இவ்வழக்கைக் கையில் எடுத்துச் சோதிக்க உதவும் எளிய கருவி, பழைய பிலிம் கேமராக்களின் மேல் பொருத்தப்பட்ட தனி ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தொலைவுமானி. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்து 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கேமராவில் தொலைவை அளக்கும் அமைப்பு உள்ளே இல்லாததால், படமெடுப்பவர் கண் மதிப்பாகவோ தனிக் கருவியாலோ தொலைவை அறிந்து லென்ஸ் வளையத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. லென்ஸோடு இணைந்த தொலைவுமானி 1932-இல் வந்த இரண்டாம் மாதிரியில்தான் இடம்பெற்றது. இத்தகைய தனிக் கருவிகள் பலவற்றில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரு சாளரங்கள் இருக்கும்; ஒன்றின் பின்னே ஒளியின் ஒரு பகுதியை மட்டும் கடத்தும் ஆடியும், மற்றொன்றின் பின்னே சிறு சக்கரத்தால் திரும்பும் ஆடியும் அமைந்திருப்பதால், ஒரே பொருள் கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். சக்கரத்தைத் திருப்பி இரு உருவங்களையும் ஒன்றாகப் பொருத்தியதும் தொலைவு எண்ணாக நிற்கும். அவ்வெண்ணைப் படமெடுப்பவர் தம் கையால் லென்ஸுக்கு மாற்றுவார்.

டெக்கார்ட் கூறிய கோணம் இங்கே உலோகத்திலும் கண்ணாடியிலும் மெய்யாகவே உள்ளது: சாளர இடைவெளி 5 செ.மீ. எனில், 2 மீட்டரில் உள்ள பொருளுக்கு அது ஏறத்தாழ 1.4 பாகை, 20 மீட்டரில் உள்ளதற்கு 0.14 பாகை. ஆயினும் பயன்படுத்துபவர் கோணம் எதையும் காண்பதில்லை. உருவங்களின் பொருத்தத்தைக் காண்கிறார், பிறர் அளந்து பொறித்த எண்ணைப் படிக்கிறார் என்பதால் பார்க்லியின் வாதமும் இங்கே வலுப்பெறுகிறது.

இவ்விரண்டுக்கும் அடியில் இன்னொரு செயல் இருப்பதைக் கம்பி வேலி ஒன்று காட்டிவிடுகிறது. ஒரே அளவில் அடுத்தடுத்து நிற்கும் கம்பிகளை நோக்கும்போது, ஒரு கம்பியின் உருவம் அடுத்த கம்பியின் உருவத்தோடு பிசகின்றிப் பொருந்திவிடக்கூடும். அப்போது எண் தவறாயினும் காட்சியில் குறை ஏதும் தெரியாது. அறிவு பெறும் வழிகளை அளவை எனப் பகுத்து ஆராயும் சிவஞான சித்தியார் என்னும் நூல், குற்றமற்ற காட்சியில் ஐயமும் திரிவும் இருத்தலாகாது என்கிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே திரிவு. உருவம் இரட்டித்து நிற்கும் நிலை ஐயத்தைப் போன்றது, அது தன்னைத் தானே அறிவித்துவிடும். வேலியில் நிகழும் திரிவோ தெளிவின் தோற்றத்திலேயே வருகிறது.

ஆகவே தொலைவின் அறிவு, 'இதுவும் அதுவும் ஒரே பொருள்' என்னும் துணிபின் மேல் நிற்கிறது. அத்துணிபை எந்த ஆடியும் தருவதில்லை. வேலியை விட்டு அதனருகே நிற்பவரின் முகவிளிம்பையோ தனித்த கம்பம் ஒன்றையோ தேர்ந்து நோக்கும் மனமே அதனைத் தருகிறது. அளவு எவ்வளவு நுட்பமாயினும், எதை அளந்தோம் என்பதற்கான பொறுப்பு அறிபவரிடமே தங்குகிறது.