காகிதம் கேட்காத பிரிண்டர்

ஓர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரில் கப்ஸ் என்னும் அச்சுச் சேவை ஓடிக்கொண்டிருந்தால், அதோடு கப்ஸ்-பிடிஎஃப் என்ற சிறிய தொகுப்பை நிறுவிப் பகிர்வை அனுமதித்தாலே போதும். நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்குப் புதிதாக ஒரு பிரிண்டர் கிடைத்துவிடும். கேட்டால் அது தாளின் அளவு சொல்லும், வந்த வேலைகளை வரிசையில் நிறுத்தும், ரத்து செய்யச் சொன்னால் செய்யும். அனுப்பிய பக்கங்களை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் பிடிஎஃப் கோப்பாக்கி ஒரு கோப்புறையில் போட்டுவைக்கும். மை இல்லை, உருளை இல்லை, தாள் வைக்கத் தட்டும் இல்லை. அப்படியானால் அங்கே ஒரு பிரிண்டர் இருக்கிறதா, இல்லையா? பொறியாளர் இந்தக் கேள்வியைச் சட்டைசெய்ய மாட்டார். வேதாந்தம் பேசுகிறவரோ, உலகமே மாயை, இது மட்டும் என்ன விதிவிலக்கா என்று கைகழுவிவிடுவார். இரண்டுமே சோம்பல்தான். இருப்பதற்கும் இருப்பதுபோல் தோன்றுவதற்கும் நடுவே கோடு போட இந்தியத் தர்க்க மரபு கூர்மையான கருவிகளைச் செய்துவைத்திருக்கிறது. அவற்றைக் கொண்டு பார்த்தால், இந்த பிரிண்டர் தோற்றம் அல்ல, இருப்புதான்.

7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி, உண்மைக்கு உரைகல்லாக வைத்தது காரியம் செய்யும் ஆற்றலை. தாகம் தணிப்பது தண்ணீர், கானல் தணிக்காது. இந்த உரைகல்லில் நம் பிரிண்டர் எளிதாகத் தேறிவிடும், ஏனென்றால் கோப்பு வருகிறது. (பிரிண்டர் என்ற பொதுக்கருத்தே மனத்தின் கற்பனை என்று தர்மகீர்த்தி சொல்லக்கூடும். சொல்லட்டும், மேசைமேல் இருக்கும் பிரிண்டருக்கும் அதே தீர்ப்புதானே.) காகிதம் வராமல் அச்சு ஏது என்று கேட்பவர்கள் 1985இல் ஆப்பிள் வெளியிட்ட லேசர்ரைட்டரை நினைத்துப்பார்க்கலாம். அதனுள் இருந்த செயலி, அதற்குக் கட்டளை அனுப்பிய மேக்கின்டாஷின் செயலியைவிட வேகமானது. காரணம், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் வரும் விவரிப்பைப் படித்து, எந்தப் புள்ளி கறுப்பு, எது வெள்ளை என்று பக்கம் முழுவதையும் அதுவே கணக்கிட வேண்டியிருந்தது. பக்கம் முதலில் நினைவகத்தில் உருவாகிறது, பிறகே தாளில் ஏறுகிறது. கப்ஸ்-பிடிஎஃப் அந்தக் கடைசிப் படிக்குப் போவதில்லை, புள்ளிகளாக்காமல் பக்கத்தின் விவரிப்பையே கோப்பாக்கிவிடுகிறது. தாள் தீர்ந்துபோன லேசர் பிரிண்டரை யாரும் பிரிண்டர் இல்லை என்று சொல்வதில்லை. பயன்பாட்டு நிரலை ஏமாற்றும் வேலையல்லவா இது என்ற கேள்விக்கும் இடமில்லை. உன்னிடம் மை இருக்கிறதா என்று அந்த நிரல் ஒருபோதும் கேட்டதில்லை. இந்த அளவில், இந்த மொழியில் பக்கம் தந்தால் வாங்கிக்கொள்வாயா என்பதுதான் அது கேட்டது. கிடைத்த பதிலில் பொய் இல்லை.

வலுவான தடை வேறொரு பௌத்தரிடமிருந்து வருகிறது. மனத்துக்கு வெளியே பொருளே இல்லை என்று வாதாடிய வசுபந்து, 'விம்சதிகா' என்ற சிறு நூலில் இரண்டு எதிர்ப்புகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்கிறார். காரியம் நடப்பதால் உண்மை என்றால், கனவில் காண்பதும் உடலில் விளைவை உண்டாக்குகிறதே என்கிறார். பலர் ஒன்றாகக் காண்பதால் உண்மை என்றால், பசித்த பிரேதங்கள் எல்லாம் ஒரே சீழ் நதியைக் காண்கின்றனவே என்கிறார். பகிர்ந்த பிரிண்டரின் பக்கம் நிற்பவர்கள் சாய்ந்துகொள்ளும் தூண்களும் இந்த இரண்டும்தான்: வேலை செய்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டையும் அவர் ஒரே தள்ளில் சாய்த்துவிட்டார்.

இங்கே அத்வைதிகளின் கருவி கைகொடுக்கும். கயிற்றைப் பாம்பென்று கண்டவருக்கு அந்தப் பாம்பு பொய் என்று எப்போது தெரிகிறது? கயிறு என்று அறிந்த கணத்தில். பின்னால் வரும் அறிவு முன்னதைத் தள்ளுபடி செய்வதுதான் பொய்யின் அடையாளம். கானல் இதில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கானல் என்று தெரிந்தபிறகும் அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் தெரிந்தவர் யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி நடக்க மாட்டார். கனவும் சீழ் நதியும் அப்படித்தான், விழித்தவனுக்கு அவற்றால் காரியமில்லை. கப்ஸ்-பிடிஎஃப்பை நிறுவிய நிர்வாகியின் நிலை இதற்கு நேர்மாறு. உள்ளே எந்திரம் இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரியும் தெரியும். தெரிந்துகொண்டே தன் விடுப்புக் கடிதத்தை அதற்கு அனுப்புகிறார், பிடிஎஃப் வருகிறது. முழு அறிவுக்குப் பின்னும் குறையாத செயலாற்றல் எந்த மயக்கத்துக்கும் கிடையாது. ஏமாற்றம்கூட இங்கே வேறு விதம். சர்வருக்குத் தெரியாத பெயரில் ஒருவர் நெட்வொர்க் வழியே அச்சிட்டால், கோப்பு அவர் கணினிக்கு வராது. சர்வரில் அனானிமஸ் என்று பெயரிட்ட பொதுக் கோப்புறையில் விழும். அவர் தன் கணினியைத் துழாவிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பார். கானலில் ஏமாந்தவருக்குத் தண்ணீர் எங்குமே இல்லை. இவருடைய கோப்போ வேறிடத்தில் கிடக்கிறது. ஆராய ஆராய பொருள் மறையவில்லை, அகப்படுகிறது.

சர்வரை அணைத்தால் காணாமல்போவது எப்படி உண்மையாகும் என்றால், சார்ந்து நிற்பது வேறு, இல்லாதது வேறு என்று, எல்லாம் சூனியம் என்ற பௌத்தர் நாகார்ஜுனரே பிரித்துச் சொல்லிவிட்டார். மின்சாரம் போனால் மேசைமேல் இருப்பதும் வெறும் பெட்டிதான்.

இந்த வாதத்தை அப்படியே கோயிலுக்குள் கொண்டுபோகச் சிலருக்கு ஆசை வரும். திருப்பணி நடக்கும்போது மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியில் அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கு வழிபாடு நடத்துவார்கள். பலகை என்று தெரிந்தும் பக்தர் கைகூப்புகிறார், அறிவு வழிபாட்டைத் தள்ளுபடி செய்வதில்லை. பாதி ஒற்றுமைதான் இது. உடல் மாறினாலும் பணி தொடரும் என்ற அளவுக்கு வாதம் பலகைக்கும் பொருந்தும். ஆனால் செயலாற்றலைக் காட்ட நிர்வாகியிடம் திறந்து பார்க்க ஒரு கோப்பு இருக்கிறது; வழிபாட்டின் பலனை அப்படி எடுத்து மேசையில் வைக்க முடியாது. ஆகமத்தை நம்புகிறவர் அதற்கு ஆகமத்தையே சான்றாகக் காட்ட வேண்டும், பிரிண்டரை அல்ல.