அறிவோடு கூடிய கருணை

பிறர் துன்பத்தைத் தீர்க்க முனைகிறவர்க்கு நல்ல நோக்கம் ஒன்றே போதும் என்பர் சிலர். தாம் செய்வதன் பயனை ஆராய்ந்தறிவதும் அவர் கடமையே என்பது நம் கருத்து. புற்றுநோய் மருத்துவத்தில் இக்கேள்வி நாள்தோறும் எழுகிறது.

புற்றுநோய் மருந்துகளிற் பல, நோயுற்ற உயிரணுக்களோடு நல்ல உயிரணுக்களையும் தாக்குவன. வாந்தியும் சோர்வும் முடியுதிர்தலும் அதன் விளைவுகள். ஒரே பெயருடைய நோய் இருவர்க்கு வந்தாலும், ஒருவர்க்குப் பலிக்கும் மருந்து மற்றவர்க்குப் பலிப்பதில்லை. பலிக்காதவர்க்கு எஞ்சுவது வேதனையே, காலமும் வீணாகிறது.

இதனை முன்னரே அறிய ஒரு வழி தேடப்படுகிறது. 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ், தோஷிரோ சாட்டோ முதலியோர், எலியின் குடலிலிருந்து எடுத்த ஒரே மூல உயிரணுவை வளர்த்துக் குடலை ஒத்த சிற்றுருவை உண்டாக்கினர். இன்று இம்முறையைத் தழுவி, நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சோதனைச் சாலையில் வளர்த்து, மருந்தை முதலில் அதன்மேல் இட்டுப் பார்க்கின்றனர். நோயாளி ஏற்கவேண்டிய சோதனையை, வேதனையறியாத அச்சிற்றுரு ஏற்கிறது.

2018-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், குடல், இரைப்பை முதலிய உறுப்புகளிலிருந்து புற்றுநோய் பரவியவர்களிடம் இதனை ஆராய்ந்தனர். சிற்றுருவில் பலிக்காத மருந்து நோயாளிக்கும் பலிக்கவில்லை; பலித்தவற்றுள் 88 சதவீதம் நோயாளிக்கும் பலித்தது. எனினும் ஆராயப்பட்டோர் சிலரே.

இதைக் கேட்டவுடன் மகிழ்ந்து முடிவு கட்டிவிடலாகாது. 2021-இல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்றில், பெருங்குடற் புற்றுநோயாளர் 54 பேருள் 31 பேரின் துணுக்குகளே சிற்றுருவாக வளர்ந்தன. சிற்றுரு காட்டிய மருந்தைப் பெற்ற 6 பேருள் ஒருவர்க்கும் கட்டி கருதத்தக்க அளவு சுருங்கவில்லை. கிண்ணத்தில் வளரும் சிற்றுரு முழு உடலன்று. அதில் இரத்தவோட்டம் இல்லை. நோயை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. மருந்தை மாற்றியமைக்கும் ஈரலும் இல்லை. பலிக்கவில்லை என்ற முடிவையும் மறையாது வெளியிட்ட அவ்வாராய்ச்சியாளரின் நேர்மை போற்றத்தக்கது. அம்முடிவு வெளிவந்ததால், அந்த அறுவர் தாங்கியது பின்வருவோர்க்கு அறிவாயிற்று.

ஆகவே இங்கு விலக்கவேண்டிய தவறுகள் இரண்டு. அறிய வழியிருந்தும் அறியாமலே வேதனை தருவது ஒன்று. அரைகுறை அறிவை உறுதியென்று கூறி நம்பிக்கையை விற்பது மற்றொன்று. சிற்றுருவை நம்பி ஒரு மருந்தை மறுத்து, அது தவறாகிப் போனால், அதன் விலையைக் கொடுப்பவர் மருத்துவர் அல்லர், நோயாளியே. ஆதலின் இவ்வளவு தெரியும், இதற்குமேல் தெரியாது என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லி, அவர் இசைவைப் பெற்றே எதையும் செய்தல் வேண்டும்.

கருணைக்கு அறிவு வேண்டும். அறிவுக்குத் தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் உண்மை வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலேதான் நோயாளி சோதனைப் பொருளாகாமல் மனிதராக மதிக்கப்படுகிறார்.