முடிக்கும் முன்பே காட்டு!

"இன்னும் முடிக்கலைங்க... முடிச்சிட்டுக் காட்டுறேன்."

எத்தனை திறமைசாலிகளை முடக்கிப் போட்டிருக்கிறது இந்த ஒரு வரி! தம்பி, தங்கையே, டிசைனராக வேண்டும் என்ற வெறி உனக்குள் இருந்தால், இன்றோடு அந்த வரிக்கு முழுக்குப் போடு. அரைகுறையாக நிற்கும் படத்தை நாலு பேர் முன்னால் வைக்கும் துணிச்சல்தான் உன் தொழிலுக்கு முதல் மூலதனம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பார். ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் ஆயிரத்தையும் கடைந்துவிட்டா காட்டுகிறார்கள்? முதல் பீஸைக் கழற்றி, பிசிறு தட்டி, வெர்னியர் வைத்து அளந்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புகிறார்கள். அது ஓகே ஆன பிறகுதான் மெஷின் தொடர்ந்து ஓடும். முதலிலேயே காட்டினால் ரிஜெக்ட் ஆவது ஒரு பீஸ். காட்டாமல் ஓட்டினால் மொத்த லாட்டும் போச்சு!

அடுத்து ஆவடிக்கு வா. அர்ஜுன் டாங்கியை உருவாக்கும் திட்டத்துக்கு 1974-இல் அனுமதி கிடைத்தது. வடிவமைத்தது ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. மாதிரி வண்டிகளை ராஜஸ்தான் பாலைவனத்தில் ராணுவம் ஓட்டிப் பார்த்தது, சுட்டுப் பார்த்தது, குறைகளை அடுக்கியது. எஞ்சின் சூடேறுகிறது என்றார்கள். வெயிலில் குறிபார்க்கும் கருவி தடுமாறுகிறது என்றார்கள். நாடே விமர்சித்தது. அந்தப் பொறியாளர்கள் சுருண்டு படுத்தார்களா? இல்லை! ஒவ்வொரு குறையையும் மறுபடி வரைபடத்துக்குக் கொண்டு போனார்கள். 2021-இல், 72 புதிய அம்சங்களோடு மேம்பட்ட அர்ஜுன் மார்க் 1ஏ ரகத்தில் 118 டாங்கிகளுக்கு, அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஆர்டர் வந்தது.

தொழிற்சாலையில் மட்டுமல்ல, கலையிலும் இதே கதைதான். 1937-இல் பாரிஸில் பிக்காசோ 'குவெர்னிகா' ஓவியத்தை வரைந்தபோது, அது வளர்ந்த விதத்தைக் கட்டம் கட்டமாகப் படம் பிடித்தார் புகைப்படக் கலைஞர் டோரா மார். பிக்காசோ அழித்ததும் மாற்றியதும் இன்றும் உலகத்தின் பார்வைக்கு இருக்கின்றன. அதனால் அவர் புகழ் ஒரு மாற்றுக் குறைந்ததா?

நீயும் ஒரு நோட்டு வாங்கு. வரைகிற ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடு. பிடிக்காத பக்கத்தைக் கிழிக்காதே. ஏன் கைவிட்டாய் என்று ஓரத்தில் ஒரு வரி எழுது. நாளை இன்டர்வியூவில் "இந்த முடிவுக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டால், அந்த நோட்டு உனக்காகப் பேசும். யாராவது உன் யோசனையைத் தன்னுடையது என்று சொன்னால், அந்தத் தேதிகள் உன் பக்கம் சாட்சி சொல்லும். வாடிக்கையாளரின் ரகசியத்தை மட்டும் காப்பாற்று. உன் தயக்கத்தைக் காப்பாற்றாதே!

காட்டும்போது "நல்லா இருக்கா?" என்று கேட்காதே, முகத்துக்காக "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "எங்கே புரியலை? எது இடிக்குது?" என்று கேள். அதைப் பயன்படுத்தப் போகிறவரிடமே கேள். மெஷினுக்குக் கைப்பிடி வரைகிறாயா? ஷிஃப்ட் முழுக்க அதைப் பிடித்து நிற்கப் போகும் ஆபரேட்டரிடம் காட்டு. அவர் உதட்டைப் பிதுக்கினால் உடைந்து போகாதே. பென்சில் கோடாக இருக்கும்போது அழிக்க ஒரு ரப்பர் போதும். அச்சு வெட்டிய பிறகு திருத்தினால் பணமும் போகும், பேரும் போகும்.

பூந்தமல்லியில் இருந்தால் என்ன, அம்பத்தூரில் இருந்தால் என்ன? நீ வரைந்த கோட்டை உலகம் பார்க்க வேண்டுமானால், முதலில் நீ காட்ட வேண்டும். நோட்டை எடு. இன்றைக்கே ஒருவரிடம் ஒரு பக்கத்தைக் காட்டு!