சில்லறைக் கேள்விகள்

பெரிய கேள்விகளைப் பற்றி நம்மிடம் நிறையவே எழுத்து இருக்கிறது. மரணம், கடவுள், நீதி, கலையின் பயன். இவற்றுக்குப் பதில் சொல்வது ஒரு விதத்தில் சுலபம். கடன் வாங்கிச் சொல்லிவிடலாம். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வாய், சண்டை வந்தால் வீட்டில் யார் முதலில் பேசுவது, சின்ன வயதில் எதைக் கண்டு பயந்தாய் என்ற கேள்விகளுக்கு எந்தத் தத்துவாசிரியனும் கடன் தர மாட்டான். ஆனால் இவற்றுக்குத்தான் நாம் யோசிக்காமல் பதில் சொல்கிறோம். இந்த யோசனையின்மை வெறும் சோம்பலா, அல்லது அதில் வாய்மை சம்பந்தப்பட்ட விஷயம் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வகையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பவருக்கு நம் வயிற்றைப் பற்றிய தகவல் வேண்டியதில்லை. 'ஆச்சு' என்கிறோம், ஆகாவிட்டாலும். நண்பனைத் தேடி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797-ல் கட்டுரை எழுதிய கான்ட், மறு வருஷமே தன் மானிடவியல் நூலில், மரியாதைப் பேச்சின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் அது யாரையும் ஏமாற்றுவதில்லை என்று கொஞ்சம் இறங்கி வருகிறார். வள்ளுவருக்கு இந்தச் சிரமமே இல்லை. தீமை இல்லாத சொல் என்று வாய்மையை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வரையறுத்துவிட்டார். 'சாப்பிட்டாச்சு' இருவரிடமும் தப்பித்துவிடுகிறது.

தப்பிக்காதது அடுத்த வகை. கேட்பவர் விளையாட்டாகக் கேட்கிறார். ஆனால் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கென்றே அச்சடித்த ஆல்பங்கள் இருந்தன. பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, எது மகிழ்ச்சி, எந்தக் குறையை மன்னிப்பாய் என்று வரிசையாகக் கேள்விகள்; வீட்டுக்கு வந்தவர்கள் நிரப்பிவிட்டுப் போவார்கள். 'கன்ஃபெஷன்ஸ்' என்று பெயர், பாவ அறிக்கைக் கூண்டின் சொல்லை வரவேற்பறைக்கு இழுத்து வந்த குறும்பு. 1865-ல் தன் பெண்கள் கேட்டபோது மார்க்ஸ், மகிழ்ச்சி என்றால் போராடுவது என்று பதில் எழுதினார். மூன்று வருஷம் கழித்து அதே வீட்டுப் பெண்ணுக்கு எங்கெல்ஸ் எழுதிய பதில்: 1848-ம் வருஷத்து ஷாத்தோ மார்கோ ஒயின். 1848 ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்த வருஷம். எனக்கு எங்கெல்ஸின் பதில்தான் அதிக உண்மையாகப் படுகிறது. மார்க்ஸ், மார்க்ஸ் என்ற பெயருடைய ஒருவர் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்கிறார். எங்கெல்ஸ் எதிரே நிற்கும் பெண்ணைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார். அந்த முயற்சியில் தன் நாக்கையும் தன் சரித்திரத்தையும் சேர்த்தே காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

ப்ரூஸ்ட் இப்படி இரண்டு தடவை நிரப்பியிருக்கிறார். பதினைந்து வயது வாக்கில் அன்த்வானெத் ஃபோர் என்ற தோழியின் ஆல்பத்தில். பிறகு இருபது வயது வாக்கில் இன்னொன்றில். சிறுவனுக்குத் துயரம் என்பது அம்மாவைப் பிரிந்திருப்பது. இளைஞனுக்கோ, அம்மாவையும் பாட்டியையும் அறியாமலே போயிருந்தால் அதுதான் பெரிய துரதிர்ஷ்டம். ஒரே அம்மாதான், ஆனால் பிரிவு என்ற சின்ன பயம், அவளை அறிந்தே இராத ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்யும் பயமாகப் பெரிதாகிவிட்டது. பிடித்த ஆசிரியர்களில் ஜார்ஜ் ஸாண்ட் போய் அனடோல் ஃபிரான்ஸ் வந்துவிட்டார். எது பொய்? எதுவும் இல்லை. அந்தப் பதில்களுக்குத் தேதி இருக்கிறது, அவ்வளவுதான்.

தேதி இல்லாத பதிலைக் கேட்பது நான் வேலை பார்க்கும் உலகம். பாஸ்வேர்டை மறந்தவரிடம் கம்ப்யூட்டர் கேட்கும் 'பாதுகாப்புக் கேள்விகளை' வாசகர் பார்த்திருப்பார்: முதலில் படித்த பள்ளிக்கூடம் எது, பிடித்த உணவு எது, பால்ய சினேகிதன் பெயர் என்ன. வரவேற்பறை ஆல்பத்தின் அதே கேள்விகள்தான். ஆனால் இங்கே உண்மை என்றால் முன்பு சொன்னதையே எழுத்துப் பிசகாமல் மறுபடி சொல்வது. ப்ரூஸ்ட் இந்தப் பரீட்சையில் தேறமாட்டார். 2008 செப்டம்பரில் அமெரிக்க உப ஜனாதிபதி வேட்பாளர் ஸாரா பேலினின் யாஹூ மெயிலைத் திறந்த கல்லூரி மாணவன் தேறிவிட்டான். கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்ற கேள்விக்கு விடை அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடம் என்று செய்திகளைப் படித்தே கண்டுபிடித்துவிட்டான். ஒரு தாம்பத்தியத்தின் ஆரம்பம் பூட்டுக்குச் சாவியாகப் போனது.

கூகுள்காரர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்னும் ஸ்வாரஸ்யமானது. ஆங்கிலம் பேசுகிறவர்களின் 'பிடித்த உணவு' என்ற பதிலை, ஒரே ஊகத்தில், நூற்றுக்கு 19.7 தடவை சரியாகச் சொல்லிவிட முடியுமாம். அந்த ஊகம் பீட்ஸா. இதிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றே பொய்ப் பதில் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களால் பலன் தலைகீழாகத்தான் போனது, ஏனென்றால் பொய் சொன்னவர்கள் பலரும் ஒரே மாதிரிப் பொய்யைச் சொல்லியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் முன்னுரைகளும் பேட்டிகளும் ஞாபகம் வந்தன. பால்யத்தைப் பற்றிக் கேட்டால் எத்தனை எழுத்தாளர்களுக்குக் கதை சொல்லும் ஒரு பாட்டி, ஊருக்கு வெளியே ஓர் ஆறு, பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த ஒரு நாவல்! இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டி இருந்திருப்பாள், ஆற்றில் தண்ணீரும் ஓடியிருக்கும். ஆனால் அந்தப் பதில் முதல் தடவை சொன்னபோது ஸ்மரணையாக இருந்தது, பத்தாவது தடவை கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. கவுண்டரில் நாங்கள் கையெழுத்தை ஒப்பிடுவது ஆளைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல, முன்னதைப் போலவே இருக்கிறதா என்பதற்காகத்தான். விமர்சகர்களும் இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்: போன பேட்டியில் சொன்னதும் இதுவும் ஒத்துப்போகிறதா? போனால் அவர் நேர்மையானவர்.

ஞாபகம் தப்பாக இருப்பது இதைவிடச் சின்னக் குறை என்பேன். பியாஜே தன் மிகப் பழைய நினைவாகச் சொன்ன சம்பவம் பிரசித்தம். ஷான்ஸெலிஸே வீதியில், தள்ளுவண்டியில் இருந்த தன்னை ஒருவன் கடத்த முயன்றான், ஆயா தடுத்தாள், அவள் முகத்தில் கீறல்கள். எல்லாம் கண்முன்னே தெரிந்தது. அவருக்குப் பதினைந்து வயது வாக்கில் ஆயாவிடமிருந்து கடிதம்: அது அவள் கட்டிய கதை, வெகுமதியாக வாங்கிய கைக்கடியாரத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். பியாஜே இதை 1945-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார், கடிதம் வந்த பிறகும் அந்தக் காட்சி தெரிகிறது என்று. பதில் இடிந்தபின் அதைச் சுற்றி நடந்து பார்க்கிற இந்தச் சிரத்தை நம் பேட்டிகளில் எங்கே? நாம் பதிலைக் காப்பாற்றுகிறோம். காப்பாற்றக் காப்பாற்ற, பாட்டியின் முகம் போய் 'பாட்டி' என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது. இழப்பு வாசகனுக்கு மட்டுமல்ல.

எங்கள் கிளையில் கே.ஒய்.சி. பாரத்தில் திருமணத்துக்கு முந்தைய பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. இங்கிலீஷ் குடும்பப் பெயர்களுக்காகச் செய்த கட்டம். நம் பெண்களுக்கு அதில் எழுத ஒன்றுமில்லை. எழுபது தாண்டிய ஓர் அம்மாளிடம் கேட்டேன். "அப்பவும் இதே பேருதான் தம்பி, இனிஷியல்தான் மாறிச்சு" என்றார். அடுத்தது, தாயார் பெயர். அங்கே நின்றுவிட்டார். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. "நான் அம்மான்னுதான் கூப்பிடுவேன். அப்பா 'இந்தா'ம்பாரு. ஊர்ல மேலவீட்டுக்காரி" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெயர் வந்தது, மெதுவாக, இரண்டு துண்டாக. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. நான் எழுதி முடித்ததும் பாரத்தைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். படிக்கத் தெரியாதவர்.

"ஒரு தடவை சத்தமா சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன். "ஆமா" என்றார்.